சத்தத்தோடு போராடிய தோமஸ் கார்லைல்: சுவர் தராத அமைதியைத் தந்தவர் யார்?

மலாக்கா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. விடிவதற்கு முன்பே பெரட்டு மணி அடிக்கும். அதற்கும் முன்பு சேவல் கூவும். லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தூங்குபவர் புரண்டு படுப்பார். ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான் வீடுகளில் குடியேறின. பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது. ஆனால் அந்தச் சுவர் இன்றும் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்தான். பக்கத்து வீட்டுக் கரோக்கே, நள்ளிரவில் உறுமிச் செல்லும் மோட்டார் சைக்கிள், விசேஷ நாள்களின் ஒலிபெருக்கி எல்லாம் அதைத் தாண்டி வந்துவிடுகின்றன.

இவற்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சிலரால் அப்படி இருக்க முடிவதில்லை. தட்டு விழும் ஓசைக்கே நெஞ்சு படபடக்கும். குழாயில் சொட்டும் நீர் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவரை வீட்டார் கோபக்காரர் என்றும், ஒத்துப்போகத் தெரியாதவர் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது ஓர் உண்மையான உபாதை என்று எண்ணுபவர்கள் குறைவு.

இந்த உபாதையோடு ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் போராடியவர் தோமஸ் கார்லைல். 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மிகப் பெரிய எழுத்தாளராக மதிக்கப்பட்ட வரலாற்றாசிரியர் அவர். மாவீரர்களைப் பற்றி அவர் எழுதிய நூலைக் காந்தியடிகள் இளம் வயதில் படித்ததைத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். உலகமே வியந்த அந்த மனிதர், பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று கூவினால் அன்றைய எழுத்து வேலை பாழானது போல் உணர்ந்தவர். அமைதி தேடி அவர் செய்த செலவும், அந்த அமைதிக்காக அவர் மனைவி ஜேன் பட்ட பாடும் இன்றைக்கும் நமக்குப் பயன்படும் கதை.

கல் கொத்தரின் மகன்

கார்லைல் 1795 டிசம்பர் 4ஆம் தேதி ஸ்காட்லாந்தின் எக்கல்ஃபெக்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். நம் மலாக்காவின் முன்ஷி அப்துல்லாவும் இவரும் ஏறக்குறைய சம வயதினர். தந்தை ஜேம்ஸ் கல் கொத்தும் தொழிலாளி. தாய் மார்கரெட். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் தோமஸ். மகன் சமயப் போதகராக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. 1809இல், 14 வயது நிறையும் முன்பே, எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் சேருவதற்காகச் சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தை அவர் நடந்தே சென்றார்.

போதகராகும் எண்ணம் நாளடைவில் விட்டுப்போனது. சில ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியர் வேலை பார்த்தார். அதிலும் மனம் ஒட்டவில்லை. அந்த இளமைக் காலத்திலேயே வயிற்று உபாதை தொடங்கியது. செரிமானக் கோளாறும் தூக்கமின்மையும் அவரைக் கடைசி வரை விடவில்லை. சரியாகத் தூங்காதவருக்குச் சிறு சத்தமும் பெரிதாகக் கேட்கும். சத்தம் பெரிதாகக் கேட்பவருக்குத் தூக்கம் இன்னும் தள்ளிப் போகும். இந்தச் சுழலில்தான் கார்லைலின் வாழ்க்கை சிக்கிக்கொண்டது.

1821இல் ஹேடிங்டன் நகரில் ஜேன் வெல்ஷ் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். மருத்துவர் ஒருவரின் ஒரே மகள். நன்கு படித்தவர், கூர்மையான நகைச்சுவை உணர்வு உடையவர். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டு, 1826 அக்டோபரில் மணம் புரிந்தனர்.

அமைதி மட்டும் போதவில்லை

1828இல் தம்பதியர் கிரெய்கன்புட்டக் என்ற இடத்தில் குடியேறினர். அது ஜேனின் குடும்பத்துக்குச் சொந்தமான மலைப் பண்ணை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். அக்கம்பக்கத்தில் வீடுகள் கிடையாது. தொலைவில் செம்மறி ஆடுகள் புல் கடிக்கும் ஓசைகூடக் காதில் விழும் அளவுக்கு நிசப்தமான இடம்.

சத்தம் தாங்காத ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் வேறு வேண்டுமா என்று தோன்றும். கார்லைல் அங்கே நிறைய எழுதினார். அவருக்குப் பிற்காலத்தில் பெயர் வாங்கித் தந்த சார்ட்டர் ரிசார்ட்டஸ் என்ற நூல் அங்கே உருவானதுதான். ஆனால் அந்தத் தனிமையில் ஜேன் வாடிப்போனார். பேச ஆளில்லை. குளிர்காலத்தில் விருந்தினர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கார்லைலுக்கும் நூலகங்கள் வேண்டும், பதிப்பாளர்கள் வேண்டும், நண்பர்கள் வேண்டும். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அமைதியை விட்டுவிட்டு இருவரும் லண்டனுக்குப் புறப்பட்டனர்.

மனிதர்கள் வேண்டும், ஆனால் மனிதர்கள் எழுப்பும் ஓசை வேண்டாம். சத்தம் தாங்காத பலரின் சங்கடம் இதுதான். ஊரை விட்டு ஒதுங்கிப் போவது அதற்கு நிரந்தரத் தீர்வாக இருப்பதில்லை என்பதைக் கார்லைல் தம்பதியர் நாற்பது வயதுக்குள் அறிந்துகொண்டனர்.

செய்ன் ரோ வீடு

1834 ஜூன் மாதம் லண்டனின் செல்சி பகுதியில், செய்ன் ரோ என்ற தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தனர். ஆண்டு வாடகை 35 பவுண்டு. மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீடு 1708இல் கட்டப்பட்டது. நம் தாமான் வீடுகளைப் போலவே வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளில் அதுவும் ஒன்று. இருவரும் சாகும் வரை அதே வீட்டில்தான் வாழ்ந்தார்கள்.

வந்த சில மாதங்களிலேயே பெரிய சோதனை ஒன்று வந்தது. பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் பாகத்தை எழுதி முடித்த கார்லைல், கையெழுத்துப் படியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். 1835இல் மில்லின் வீட்டில் அது குப்பைக் காகிதம் என்று கருதப்பட்டு நெருப்புக்குப் போய்விட்டது. வேறு படி கிடையாது. கார்லைல் முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். 1837இல் நூல் வெளிவந்தது. அதன் பிறகு புகழ் அவரைத் தேடி வந்தது.

இவ்வளவு பெரிய இழப்பைத் தாங்கி நிமிர்ந்தவரை அன்றாடம் வீழ்த்தியவை சின்னச் சின்ன ஓசைகள். அடுத்த வீட்டுப் பெண் பழகும் பியானோ. பின்கட்டில் கோழிகள், சேவல்கள். கூண்டுக் கிளி. குரைக்கும் நாய். தெருவில் கைப்பிடி சுழற்றி இசைப்பெட்டி வாசித்துக் காசு கேட்பவர்கள். கூவி விற்கும் வியாபாரிகள். காலையில் எழுத உட்காரும்போது இவற்றில் ஏதாவது ஒன்று தொடங்கிவிடும். பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறையில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் அங்கேயும் கூட்டம், நெரிசல். அவரால் அங்கே மனம் ஒன்றிப் படிக்க முடியவில்லை. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கும் வசதி வேண்டும் என்று நண்பர்களைத் திரட்டி 1841இல் லண்டன் நூலகத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். அந்த நூலகம் இன்றும் இயங்குகிறது. தம் உபாதைக்குத் தேடிய வழி ஊருக்கும் பயன்பட்ட நல்ல எடுத்துக்காட்டு அது.

பேசித் தீர்த்தவர் ஜேன்

வீட்டைச் சுற்றியிருந்த சத்தங்களைச் சமாளிக்கும் வேலை ஜேனின் தலையில் விழுந்தது. கார்லைல் கோபப்படுவார். ஜேன் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார்.

அவர் சண்டைக்குப் போகவில்லை. பியானோ வீட்டில் இதமாகப் பேசி, கணவர் எழுதும் நேரத்தில் வாசிக்காமல் இருக்க இணங்க வைத்தார். கோழி வளர்த்த வீட்டில் பணம் கொடுத்து, இனிமேல் வளர்ப்பதில்லை என்று எழுதி வாங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு அண்டை வீட்டில் சேவல் வந்தபோது, அதை விடியும் நேரத்தில் அடைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அதற்கு ஈடாக அந்த வீட்டுச் சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்.

ஒவ்வொரு முறையும் அவர் கையாண்ட முறை ஏறக்குறைய ஒன்றுதான். சத்தத்தையே நிறுத்தச் சொல்வதற்குப் பதில், எந்த நேரத்தில் வேண்டாம் என்று கேட்பார். கேட்பதோடு நிற்காமல் எதிராளிக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார். தம் வீட்டில் நோயாளி போன்ற ஒருவர் இருக்கிறார் என்பதை அவர்களுக்குப் புரிய வைப்பார்.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. ஜேனும் தூக்கம் குறைந்தவர்தான். அடிக்கடி தலைவலியால் துன்பப்பட்டவர். இரவில் சேவல் கூவினால் அந்தக் கூவலைவிட, மேலே கணவர் எழுந்துவிடுவாரோ என்ற கவலையே அவரை விழிக்க வைத்தது. அவர் காது சேவலைக் கேட்கவில்லை. மாடியில் காலடி ஓசை கேட்கிறதா என்று காத்திருந்தது. வீட்டில் ஒருவருக்கு உபாதை இருந்தால் அது அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

170 பவுண்டு அறை

1850களின் தொடக்கத்தில் கார்லைல் தம் வாழ்வின் மிகப் பெரிய வேலையைக் கையில் எடுத்திருந்தார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வரலாறு அது. தகவல் திரட்ட 1852இல் ஜெர்மனிக்கும் போய் வந்தார். இத்தனை பெரிய நூலை இந்தச் சத்தத்தில் எழுத முடியாது என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டையும் தாமே வாடகைக்கு எடுத்துப் பூட்டிப்போட்டுவிடலாமா என்றுகூட அந்த வீட்டில் யோசனை நடந்தது.

1853இல் வீட்டின் உச்சியில், கூரையடியில், சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டும் வேலை தொடங்கியது. இரட்டைச் சுவர். சுவருக்கும் சுவருக்கும் இடையே காற்று இடைவெளி. பக்கங்களில் தெருவைப் பார்த்த சன்னல் வேண்டாம் என்று கூரையில் கண்ணாடி வைத்து வெளிச்சம் வாங்கினார்கள். செலவு சுமார் 170 பவுண்டு. அந்த வீட்டின் ஏறக்குறைய ஐந்தாண்டு வாடகைக்குச் சமமான தொகை.

அமைதிக்காகத் தொடங்கிய வேலை மாதக்கணக்கில் வீட்டையே இரைச்சலில் மூழ்கடித்தது. சுத்தியல், ரம்பம், இடிபாடு, தூசு. கார்லைல் வெளியூர் போய்விடுவார். தச்சர்களையும் கொத்தர்களையும் மேய்க்கும் பொறுப்பு ஜேனுக்கு. மேலே வேலை செய்த ஆள் ஒருவர் உட்கூரையைப் பிய்த்துக்கொண்டு கீழே வந்து விழுந்த சம்பவமும் அப்போது நடந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கார்லைலின் தாயார் காலமானார். அந்தத் துயரத்தோடுதான் புதிய அறைக்குள் அவர் நுழைய வேண்டியிருந்தது.

அறை பலன் தந்ததா? பாதிதான். அக்கம்பக்கத்துப் பேச்சும் பியானோவும் ஓரளவு மங்கின. ஆனால் அதுவரை காதில் விழாத தூரத்துச் சத்தங்கள் கூரை வழியாக உள்ளே வந்தன. ரயில் ஊதல், தேம்ஸ் ஆற்றுப் பக்கத்து ஓசை, மணியோசை எல்லாம் புதிதாகக் கேட்டன. வீட்டிலேயே சத்தம் அதிகமான அறை அதுதான் என்று பெயர் வாங்கியது. குளிர்காலத்தில் குளிர், கோடையில் வெக்கை என்பது தனிக் குறை.

இதற்கு விளக்கம் எளிது. பக்கத்து ஓசை உரக்க இருக்கும்போது தூரத்து ஓசை அதற்குள் மறைந்துவிடுகிறது. பக்கத்து ஓசையை நிறுத்தினால் தூரத்து ஓசை வெளிப்படுகிறது. இரவில் மின்விசிறி நின்றதும் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்கத் தொடங்குவதும் இதனால்தான். சத்தத்துக்கு அளவு மீறி அஞ்சும் காது, அமைதி கூடக் கூட இன்னும் நுணுக்கமாகத் தேட ஆரம்பிக்கிறது. செவித்திறன் நிபுணர்கள் இன்று இத்தகையோருக்கு முழு நிசப்தத்தில் அடைந்து கிடக்க வேண்டாம் என்று அறிவுறுத்துவதன் காரணமும் இதுதான். நாள் முழுவதும் காதை அடைத்து வைத்தால் கூச்சம் கூடுமே தவிரக் குறையாது. மின்விசிறி, மழை ஓசை போன்ற மெல்லிய, மாறாத ஓசை ஒன்று பின்னணியில் இருப்பது பலருக்கு உதவுகிறது. கார்லைலின் காலத்தில் இதை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

குறைகளோடு இருந்தாலும் அந்த அறையில்தான் அவர் உட்கார்ந்தார். ஏறக்குறைய 12 ஆண்டுகள் அங்கே போராடி ஃபிரெடரிக் வரலாற்றை ஆறு பாகங்களாக முடித்தார். முதல் பாகங்கள் 1858இலும் கடைசிப் பாகம் 1865இலும் வெளிவந்தன. வேலை முடிந்ததும் அறையை விட்டுக் கீழே இறங்கிவிட்டார். பிறகு அது பணிப்பெண்களின் படுக்கை அறையானது.

தெரு இசைக்கு எதிராகச் சட்டம்

சத்தத்தால் அவதிப்பட்டவர் கார்லைல் ஒருவர் மட்டும் அல்லர். கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பாபேஜ் தெரு இசைக்காரர்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கல் பாஸ் 1864இல் இதற்காக ஒரு மசோதாவைக் கொண்டு வந்தபோது, ஆதரவுக் கடிதத்தில் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், கவிஞர் டென்னிசன் ஆகியோரோடு கார்லைலும் கையெழுத்திட்டார். அதே ஆண்டு சட்டம் நிறைவேறியது. வீட்டில் நோயாளி இருந்தாலோ வேறு நியாயமான காரணம் இருந்தாலோ தெரு இசைக்காரரை அப்பால் போகச் சொல்லும் உரிமை லண்டன் குடியிருப்பாளருக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தெருவில் இசைத்தவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த ஏழை வெளிநாட்டவர்கள். எழுதுபவரின் அமைதி ஒரு பக்கம், தெருவில் நிற்பவரின் சோறு ஒரு பக்கம் என்ற வழக்கு அது. சட்டம் வசதி உள்ளவர் பக்கமே அதிகம் சாய்ந்தது.

கேட்காமல் போன குரல்கள்

கார்லைலைப் பற்றிப் பேசும்போது தோட்டத் தொழிலாளர் வழிவந்த நம் சமூகம் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை 1834இல் முடிவுக்கு வந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியசுக்கும், பின்பு மேற்கிந்தியத் தீவுப் பகுதிகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டதும் அதே நூற்றாண்டில்தான்.

அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரைக் கட்டாயப்படுத்தியாவது தோட்டங்களில் வேலை வாங்க வேண்டும் என்று கார்லைல் 1849இல் கட்டுரை எழுதினார். நண்பர் மில் அதைக் கடுமையாக மறுத்தார். 1865இல் ஜமைக்காவில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் அயர் கொடூரமாக ஒடுக்கியபோது, அவரைக் காக்க அமைந்த குழுவின் முன்னணியில் நின்றவரும் கார்லைல்தான். சேவலின் கூவல் தாங்காத காதுக்கு, தோட்டத்தில் வதைபட்டவர்களின் குரல் எட்டவில்லை. ஓசைக்கு மென்மையான உள்ளம் மற்றவர் வலிக்கும் மென்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

வீட்டுக்குள்ளும் ஓரளவு இதே கதைதான். எழுத்தில் மௌனத்தின் பெருமையை வாய் ஓயாமல் போற்றியவர் கார்லைல். நேரில் மணிக்கணக்காகப் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்க ஜேன் இருந்தார். ஜேனின் குரலைக் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜேன் போன பிறகு

1863 இலையுதிர் காலத்தில் ஜேன் லண்டன் தெருவில் விபத்துக்குள்ளாகிப் பல மாதங்கள் தாங்க முடியாத வலியில் கிடந்தார். மெல்லத் தேறினாலும் பழைய தெம்பு திரும்பவில்லை.

1866 ஏப்ரல் 2ஆம் தேதி கார்லைல் எடின்பர்க் பல்கலைக்கழகத்தின் கௌரவத் தலைவராகப் பொறுப்பேற்று உரையாற்றினார். பதினான்கு வயது நிறையாத பையனாக நடந்து வந்து சேர்ந்த அதே பல்கலைக்கழகம். உரை பெரும் வெற்றி பெற்றது. அந்தச் செய்தி லண்டனில் இருந்த ஜேனுக்கும் கிடைத்தது. கார்லைல் இன்னும் ஸ்காட்லாந்திலேயே தங்கியிருந்தபோது, ஏப்ரல் 21ஆம் தேதி, ஹைட் பார்க் வழியாகக் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்த ஜேன் வண்டிக்குள்ளேயே உயிர் நீத்தார். வயது 64. ஹேடிங்டனில் தந்தையின் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அதன் பிறகுதான் கார்லைல் ஜேனின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் எடுத்துப் படித்தார். தம்மைச் சுற்றி ஓர் அமைதி வேலியைக் கட்டிக் காத்தவர் அதற்காக எத்தனை இரவு விழித்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. குற்ற உணர்வு அவரை வாட்டியது. ஜேனின் கடிதங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் தம் குறிப்புகளை எழுதிச் சேர்த்தார். அவை 1883இல் நூலாக வெளிவந்தன. இங்கிலாந்தின் மிகச் சிறந்த கடித எழுத்தாளர்களில் ஒருவராக ஜேன் இன்று மதிக்கப்படுகிறார்.

கடைசி ஆண்டுகளில் கார்லைலின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. எழுத முடியாமல் போனது. ஜேன் இல்லாமல் அதே வீட்டில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்து, 1881 பிப்ரவரி 5ஆம் தேதி காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யும் மரியாதை அவருக்குக் காத்திருந்தது. அது வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், பிறந்த ஊரான எக்கல்ஃபெக்கனில் பெற்றோரின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

செய்ன் ரோ வீடு 1895இல் பொதுமக்கள் நன்கொடையால் வாங்கப்பட்டு நினைவு இல்லமானது. 1936 முதல் இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை அதைப் பராமரித்து வருகிறது. சத்தம் புகாத அறையும் அங்கே இருக்கிறது.

நமக்கு என்ன?

கார்லைல் வீட்டுக் கதையிலிருந்து மலாக்கா தாமான்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

முதலாவது, சத்தம் தாங்காதவரை நையாண்டி செய்யக் கூடாது. அது பிடிவாதமோ நடிப்போ அன்று. தூக்கமின்மை, மனச்சுமை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சாதாரண ஓசையே வேதனையாக இருக்கும். கோயில் மேளத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையை அதட்டுவதைவிட, கொஞ்சம் தள்ளி நிற்க வைப்பதும், காதுக்கு ஒரு மூடி வாங்கித் தருவதும் நல்லது. அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குப் போனால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாவது, அண்டை வீட்டாரிடம் முதலில் போக வேண்டியது நாமே. நகராண்மைக் கழகமும் போலீசும் அதற்கு அடுத்த படி. ஜேன் செய்ததைப் போல, மகளுக்கு எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் பாட்டைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு. தோட்டத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்தப் பேச்சு இயல்பாக வந்தது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும், சாவு விழுந்தாலும் அடுத்த வீட்டு வானொலி தானாகவே தாழ்ந்தது. தாமானுக்கு வந்த பிறகு கதவுகள் மூடிக்கொண்டதால் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

மூன்றாவது, சத்தத்தால் அவதிப்படுபவரும் தம் வீட்டாரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமக்காக யார் கதவை மெல்லச் சாத்துகிறார், யார் பிள்ளைகளை அடக்கி வைக்கிறார், யார் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தணிந்து பேசிவிட்டு வருகிறார் என்று பார்க்க வேண்டும். கார்லைல் அதைப் பார்த்தபோது அவருக்கு எழுபது வயது. நன்றி சொல்ல ஜேன் உயிரோடு இல்லை.